ஹரீஷுக்கு ஒரு ஜெபத் தோழி

ஜெலுத்தோங், பினாங்கு
10 மார்ச் 2025

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எட்வின் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். மச்சானுக்கு மாற்றலாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, நீங்களும் மச்சானும் தாவாவில் எப்படி இருக்கிறீர்கள்? முட்டி வலிக்கு நான் அனுப்பிய எண்ணெய் வந்து சேர்ந்ததா?

இந்தக் காலத்தில் யாரக்கா கடிதம் எழுதுகிறார்கள்? தபால்தலை கேட்டதற்கு கவுண்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீங்கள் போனை அணைத்து, அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டதாக மச்சான் சொன்னார். திறந்தால் ஹரீஷ் முகம்தான் வருகிறது என்றீர்களாம். சரி, நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மச்சானிடம் விசாரித்தால் "ஓகே, ஓகே, எல்லாம் ஓகே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாமாயில் மில் போர்மன் அல்லவா, வீட்டு விஷயத்தையும் மில் விஷயம் மாதிரியே பேசுகிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

வாலிபர் குழு மறுபடியும் என் தலையில் விழுந்துவிட்டது. அக்டோபரில் ஹரீஷை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, இனி இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று பாஸ்டரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஜனவரியில் அறிவிப்பு வாசித்தபோது என் பெயரைத்தான் வாசித்தார். ஜூன் விடுமுறையில் கேமரன் மலையில், தானா ராத்தாவில் மாநாடு. பஸ் பேச வேண்டும், பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும், மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் பை வாங்க வேண்டும். என் ஊழியம் இப்படித்தான் போகிறது.

நேற்று லெந்து தவக்காலத்தின் முதல் ஞாயிறு. வழக்கம்போல ஜெபத் தோழர் சீட்டு எடுத்தோம். மாநாட்டின் கடைசி மாலை வரைக்கும் யார் கையில் யார் பெயர் என்று யாரும் மூச்சு விடக்கூடாது. தினமும் அந்த ஆளுக்காக ஜெபம், ஞாயிறுதோறும் பாடகர் அங்கி அலமாரியில் ஒரு சின்னப் பொட்டலம், அதைக் கொண்டு சேர்க்கும் தபால்காரன் நான். கடைசி மாலை அவரவர் தோழர் முன்னால் போய் நின்று, நான்தான் என்று சொல்ல வேண்டும். புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. எங்கேயோ தவறு செய்திருக்கிறேன் போல, டப்பாவில் ஒரு சீட்டு மிஞ்சியது. அதை நானே எடுத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
எட்வின்


தாவாவ்
24 மார்ச் 2025

அன்புத் தம்பி எட்வினுக்கு,

சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எண்ணெய் வந்தது. வாசனை அதிகம், வலி அப்படியே இருக்கிறது.

இங்கே மலாய் மொழியில்தான் ஆராதனை. எனக்கு அது ஒரு விதத்தில் நல்லது. பாட்டு பாதிதான் புரிகிறது, பாதிதான் அழுகை வருகிறது. போன ஞாயிறு ஒரு தீமோர்க்கார அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒருவன் என்றேன். என்ன செய்கிறான் என்றார். பாயான் லெப்பாஸில் பாக்டரியில் வேலை, கித்தார் வாசிப்பான் என்றேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார். இருபத்தொரு வயதில் என்ன அவசரம் என்று நானும் சிரித்தேன். அன்று முழுக்க மனது லேசாக இருந்தது.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஷிப்ட் முடிந்து பைக்குகள் வரும். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் மச்சான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

சீட்டு விஷயம் எழுதியிருந்தாய். எல்லாருக்கும் எல்லாச் சீட்டும் போய்ச் சேர்ந்துவிட்டதா? மிஞ்சிய சீட்டு யாருடையது? அடுத்த கடிதத்தில் எழுது.

ஹரீஷ் அம்மா


ஜெலுத்தோங்
7 ஏப்ரல் 2025

அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

மிஞ்சிய சீட்டு ஷர்மினியுடையது. நம் வாலிபர் சங்கச் செயலாளர்தான். அவள் எனக்குத் தோழியாக வந்ததில் குறையில்லை. பயம் வேறு ஒன்றில் வந்திருக்கிறது.

போன மாதக் கடைசி ஞாயிறு, கூட்டம் முடிந்து அங்கி அலமாரியைத் திறந்தேன். பொட்டலங்களைப் பெயர் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நாலாவதாகக் கையில் வந்த பொட்டலத்தில் "ஹரீஷ்" என்று எழுதியிருந்தது. அக்கா, என் கை அலமாரிக்குள்ளேயே நின்றுவிட்டது. வெளியே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. ஆனால் நம் பிள்ளைகள் யாரும் அந்தப் பெயரை எடுப்பதே இல்லை. அடக்கத்துக்குப் பிறகு அவன் உட்காரும் நாற்காலியைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். விளையாட அவர்களுக்கு நெஞ்சு வராது.

பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து காரில் வைத்துத் திறந்தேன். ஒரு பொட்டலம் ஜாதிக்காய் ஊறுகாய். "நீங்க நல்லா இருக்கணும்னு தினமும் கேக்குறேன்" என்று ஒரு சின்ன அட்டை. எனக்குத் தெரியாத கையெழுத்து.

நேற்று மறுபடியும் ஒன்று. பெரிதாக இருந்தது. பைக்கில் போகிறவர்கள் போடுகிற மழைக்கோட்டு. அவன் அன்றைக்கு எக்ஸ்பிரஸ்வேயில் மழையில் வந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டை மடித்த மடிப்போடு காரின் பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன். மன்னியுங்கள்.

எட்வின்


தாவாவ்
14 ஏப்ரல் 2025

தம்பி எட்வினுக்கு,

சுகம். உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

எதையும் எறிந்துவிடாதே. ஊறுகாயை நீ தின்றுவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும். மழைக்கோட்டு என்ன நிறம்? அளவு எப்படி, அவன் தோளுக்குச் சரியாக இருக்குமா? அவன் எக்ஸ்எல் போடுவான். அட்டையில் வேறு என்ன எழுதியிருந்தது? பேனாவில் எழுதியதா, பென்சிலா? ஆணா பெண்ணா?

எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு. தபால் செலவை மச்சானிடம் வாங்கிக்கொள்.

ஹரீஷ் அம்மா


ஜெலுத்தோங்
21 ஏப்ரல் 2025

அன்பான அக்காவுக்கு,

உயிர்த்தெழுதல் பண்டிகை வாழ்த்துகள். நேற்று விடியற்கால ஆராதனைக்கு நல்ல கூட்டம். நாங்கள் சுகம். முட்டி எப்படி இருக்கிறது?

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். ரூபினி என்று ஒரு பெண். பைராம் தோட்டம். அங்கே தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்பிஎம் பரீட்சை முடித்து, இப்போது சுங்கை பினாங்கில் சின்னம்மா வீட்டில் தங்கிக் கணக்கியல் படிக்கிறாள். ஜனவரிக் கடைசியில்தான் சபைக்கு வந்தாள். ஹரீஷை அவள் பார்த்ததே இல்லை. சபையில் அவனைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை. சீட்டில் யார் பெயர் என்று வெளியே சொல்லக்கூடாது என்று நானே அடித்துச் சொன்னதால் அவள் யாரிடமும் கேட்கவும் இல்லை.

அலமாரிப் பக்கம் நின்று பார்த்தேன். பொட்டலம் வைத்துவிட்டுத் திரும்பியவளிடம் சீட்டைக் காட்டு என்றேன்.

"பேர காட்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, அங்கிள்?"

"நான் போஸ்ட்மேன். எனக்குக் காட்டலாம் லா."

பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மழைக்கோட்டு ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "ஆம்பளப் பசங்கன்னா மோட்டாரு தானே அங்கிள். எங்க தோட்டத்துல எல்லாரும் மோட்டாருதான். தெனமும் பத்திரமா வீட்டுக்கு வரணும்னு ஜெபம் பண்றேன்" என்றாள். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா?

அக்கா, அவனுடைய பழைய சீட்டை நவம்பரிலேயே டப்பாவிலிருந்து நான் எடுத்துவிட்டேன். அது என் வேதாகமத்தில் இருக்கிறது. இது வேறு சீட்டு. யார் எழுத்து என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த எழுத்து. நீங்கள் தாவாவுக்குப் புறப்படும் முன் கடைசியாகச் சபைக்கு வந்த அன்று, கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

பாஸ்டரிடம் மட்டும் சொன்னேன், சீட்டு தவறி உள்ளே போய்விட்டது என்று. "மரிச்சவங்களுக்காக நாம ஜெபம் பண்றதில்ல, எட்வின். அவங்க கர்த்தர் கையில இருக்காங்க. அந்தப் பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லி வேற சீட்டு கொடுத்துடுங்க" என்றார். ஞாயிறு மன்றாட்டில் ஹரீஷ் பெயரையும் வாசிக்கச் சொல்லி டிசம்பரில் நீங்கள் கேட்டபோதும் இதையேதான் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் படித்தது அப்படி.

வருகிற ஞாயிறு அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

எட்வின்


தாவாவ்
25 ஏப்ரல் 2025

தம்பி,

சொல்லாதே.

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், ஞாயிறுக்குள் கிடைக்காவிட்டால் மச்சான் போனில் கூப்பிட்டுச் சொல்வார். எட்வின், இந்த உலகத்தில் எல்லாரும் அவனை முடித்துவிட்டார்கள். பாக்டரியில் அவன் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான். பாஸ்டர் கர்த்தர் கையில் கொடுத்துவிட்டார். உன் மச்சான் அவன் பெயர் வந்தால் எழுந்து வெளியே போகிறார். ஒரே ஒரு பெண் மட்டும் அவன் எங்கேயோ மோட்டாரில் போய்க்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மழை வந்தால் நனைவானே என்று கவலைப்படுகிறாள். அந்த ஒருத்தியையும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே.

நான் ஜெபிக்கப் போனால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. பத்திரமாகக் கொண்டு வா என்று இருபத்தொரு வருஷம் கேட்டவள் நான். இப்போது வாயைத் திறந்தால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. அவள் கேட்கிறாள். எனக்குப் பதிலாக அவள் கேட்கட்டும்.

இதோடு அவனுடைய கம்பளித் தொப்பியை வைத்திருக்கிறேன். பொட்டலம் கிடைத்தால் நன்றி சொல்வதும் வழக்கம்தானே? மலையில் குளிராக இருக்கும். ஹரீஷ் கொடுத்தான் என்று சொல்லிக் கொடு.

ஹரீஷ் அம்மா


ஜெலுத்தோங்
8 மே 2025

அன்பான அக்காவுக்கு,

இங்கே சுகம். மழைக்கோட்டும் ஊறுகாயும் அட்டைகளும் அனுப்பிவிட்டேன். கிடைத்ததும் எழுதுங்கள். அதற்குப் பிறகு வந்த சாவி வளையமும் காலுறையும் அதே பார்சலில் இருக்கின்றன.

நீங்கள் சொன்னபடி சொல்லவில்லை. தொப்பியைக் கொடுத்தேன். "அவரே கொடுத்தாரா, அங்கிள்?" என்றாள். ஆமாம் என்றேன். சபையின் மூத்த வாலிபர் தலைவர், பத்து வருஷம் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவன், கண்ணைப் பார்த்து ஆமாம் என்றேன்.

"அவரு ஏன் அங்கிள் யூத்துக்கு வரதே இல்ல?"

"அவுட்ஸ்டேஷன். தாவாவ்ல இருக்காரு."

அந்த ஊர் எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு காரில் உட்கார்ந்து யோசித்தபோது, அது பொய்கூட இல்லை என்று தோன்றியது. அவன் இப்போது உங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மச்சான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பது வேறு எதற்கு?

"கான்பரன்ஸுக்கு வருவாருல்ல?" என்றாள். பார்க்கலாம் என்றேன். மாநாட்டுக்குப் போட ஒரு மஞ்சள் சுடிதார் தைக்கக் கொடுத்திருக்கிறாளாம். அதையும் என்னிடம் சொன்னாள். பதினெட்டு வயதுப் பெண், அக்கா. முகம் பார்க்காத ஒருவனுக்காக ஒவ்வொரு நாளும் முழங்கால் போட்டால் மனது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாதா?

தயவுசெய்து யோசித்து எழுதுங்கள்.

எட்வின்


ஜெலுத்தோங்
19 மே 2025

அன்பான அக்காவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. சாமான்கள் வந்து சேர்ந்ததாக மச்சான் சொன்னார். மழைக்கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்களாம். "வேல முடிஞ்சி வந்து கதவத் தொறந்தா ஆள் நிக்கிற மாதிரியே இருக்கு, எட்வின்" என்றார். போனில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அழுதார்.

நேற்று மாநாட்டுக்கு முன் கடைசிக் கூட்டம். எந்த அறையில் யார், என்ன கொண்டு வர வேண்டும், எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏர்கான் குளிர். ரூபினி பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் எனக்கு முதுகைக் காட்டி, கித்தார் பக்கத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புதுப் பெண், அந்த நாற்காலி என்னவென்று அவளுக்குத் தெரியாது. அக்கா, ஒரு நிமிஷம் அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். சந்தோஷம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாள் எங்கேடா போயிருந்தாய் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன்.

எனக்கு மட்டும் அப்படி இல்லை. எல்லாரும் அந்த நாற்காலியையே திரும்பிப் பார்த்தார்கள். ஷர்மினி எழுந்து வெளியே ஓடினாள். பின்னாலேயே போனேன். "அங்கிள், அது ஹரீஷ் தொப்பி தானே? போன வருஷம் கேமரன்ல போட்டிருந்தானே? அவகிட்ட எப்படி வந்துச்சி?" என்று கேட்டாள். உள்ளே வந்தால் ரூபினி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான் என்ன பண்ணேன்?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கிறாள். அங்கி அலமாரியில் கிடந்த பழைய தொப்பி என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தேன். யாரும் நம்பவில்லை. பிள்ளைகள் நான் வாய் திறப்பதற்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசி மாலை எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாலு சபைப் பிள்ளைகள் நடுவில், மஞ்சள் சுடிதாரில் நின்று அவள் "ஹரீஷ்" என்று கூப்பிடுவாள். அந்த இடத்தில் நான் அவளை நிற்க விடமாட்டேன். இந்த ஒன்றில் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன், அக்கா. நீங்கள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான் இருக்கிறது.

எட்வின்


தாவாவ்
26 மே 2025

தம்பி எட்வினுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இந்த முறை எழுதவில்லை.

இதோடு இருப்பது ரூபினிக்கு. நீ படிக்காதே. மலைக்குப் போன பிறகு கொடுக்காதே, அங்கே அவள் அழுவதற்கு வீடு இல்லை. புறப்படும் முன்பே அவள் சின்னம்மா வீட்டில் வைத்துக் கொடு. வரமாட்டேன் என்றால் கட்டாயப்படுத்தாதே.

என்னால் முடியாது என்றுதான் இவ்வளவு நாள் இருந்தேன். உன் மச்சானைக் கேட்டேன், நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று. "நீயே எழுது, பியூலா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா


தாவாவ்
26 மே 2025

அன்பு மகள் ரூபினிக்கு,

நீ நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். என் பெயர் பியூலா. எட்வின் அங்கிளுடைய அக்கா. ஹரீஷின் அம்மா. நீ கொடுத்த மழைக்கோட்டு, ஊறுகாய், சாவி வளையம், காலுறை எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

நேராக எழுதுகிறேன், சுற்றி வளைத்தால் நிறுத்திவிடுவேன். என் மகன் ஹரீஷ் இறந்துவிட்டான். போன வருஷம் அக்டோபரில், வேலை முடிந்து மோட்டாரில் வீட்டுக்கு வந்தபோது, மழையில் வழுக்கி விழுந்தான். நீ சபைக்கு வருவதற்கு முன்னாலேயே அவன் போய்விட்டான். நீ சீட்டை எடுத்த அன்று அவன் இல்லை.

உன் மேல் ஒரு தவறும் இல்லை. அந்தச் சீட்டை டப்பாவில் போட்டது நான். எட்வின் அங்கிள் உண்மையைச் சொல்ல நினைத்தார், நான்தான் தடுத்தேன். தொப்பியை அனுப்பியதும் நான். அவன் கொடுக்கவில்லை. உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால் ஏமாற்றிவிட்டேன். என் பிள்ளைக்காக யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றிருந்தது. யார் அந்தச் சீட்டை எடுப்பார்கள், அவர்களுக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. உனக்கும் ஒரு அம்மா இருக்கிறார் என்று யோசிக்கவில்லை.

அவன் உயரம், எக்ஸ்எல் சட்டை போடுவான், பாட்டில் தாளம் தப்பினால் தலையை ஆட்டிச் சிரிப்பான். நீ தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரியாத ஆளாகவே அவன் இருந்துவிடக்கூடாது.

என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள். முடியாவிட்டாலும் சரி.

பியூலா


ஜெலுத்தோங்
9 ஜூன் 2025

அன்பான அக்காவுக்கு,

மாநாடு முடிந்து எல்லாரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். சிம்பாங் பூலாய் மலைப்பாதை ஏறும்போது மூன்று பேர் வாந்தி. எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மற்றபடி சுகம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சுங்கை பினாங்கு பிளாட்டுக்குப் போய் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கி எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது, இல்ல?" என்றாள். நீ வர வேண்டாம், நான் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன். "நான் வரேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் போகும்போதே மற்ற பிள்ளைகளுக்கு நான் எழுந்து நின்று எல்லாம் சொன்னேன். மைக்கில் சொல்லவில்லை, சும்மா நின்று சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக ஹரீஷைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை மாதம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. ரூபினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசி மாலை அவளைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அவளே எழுந்து வந்து நின்றாள். மஞ்சள் சுடிதார்தான். பெயரைச் சொல்லவில்லை. எதிரே யாரும் இல்லை. நான் போய் எதிரே நிற்கப் பார்த்தேன். "நீங்க வேணாம், அங்கிள்" என்றாள். ஷர்மினி எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்து நின்றார்கள். பாஸ்டர் முன்வரிசையில் இருந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டார். அங்கே யாரும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

திரும்பி வந்ததும் உங்கள் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திட்டி எழுதினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் இரண்டு பேரும் அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் தம்பி,
எட்வின்


சுங்கை பினாங்கு
22 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஆன்ட்டிக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் அங்கிளும் நலமா? தமிழ்ப்பள்ளியில் எழுதிய பிறகு இப்போதுதான் கடிதம் எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவரைக் காப்பாற்று, காப்பாற்று என்று ஆண்டவரிடம் நான் கேட்டுக்கொண்டிருந்ததும் வெட்கமாக இருக்கிறது. ஆண்டவர் என்ன நினைத்திருப்பார் என்று தெரியவில்லை. தொப்பியை எட்வின் அங்கிளிடம் கொடுத்துவிட்டேன். அவர் உங்களுக்கு அனுப்புவார்.

வேறு ஒன்றைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். இதை எங்கள் அம்மாவிடமும் பாஸ்டரிடமும் கேட்க முடியாது.

மாநாட்டுக்குப் பிறகு எடுத்த புதுச் சீட்டில் எனக்கு எங்கள் சபை அக்கா ஒருவர் பெயர் வந்திருக்கிறது. அந்த அக்காவுக்காக ஜெபம் செய்யக் கண்ணை மூடினால், ஹரீஷ் பெயர்தான் முதலில் வருகிறது. இன்றைக்கும் பத்திரமாக வீட்டுக்கு வரட்டும் என்று பாதி சொல்லிவிடுகிறேன். பாதியில்தான் ஞாபகம் வருகிறது. நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை பெய்தால் இன்னும் மோசம். பார்க்காத ஒருவருக்கே எனக்கு இப்படி இருக்கிறது.

இதை எப்படி நிறுத்துவது, ஆன்ட்டி? நீங்கள் நிறுத்திவிட்டீர்களா?

இப்படிக்கு,
ரூபினி